பெட்டி பிரித்த நாள்

நெடுஞ்செவலில் ஒரு கம்ப்யூட்டரைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பினால் அதற்கு உரிய ஆளும் அந்த நாளுக்கே திரும்பிவிடுவார் என்பது ஊரில் எல்லோருக்கும் பழகிப்போய் ஆறேழு வருடம் ஆனபிறகுதான், தளவாய் தன் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஞானதுரை அண்ணாச்சி வைத்திருக்கும் சர்வீஸ் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஆகவே அவன் தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது, நாங்கள் தெரியாமல் விட்டோம் என்றும் சொல்ல முடியாது.

முதன்முதலில் இது நடந்தது ரைஸ்மில் வேலாயுதத்துக்கு. அவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, ஒரு பில் அடிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டிருந்ததால், அண்ணாச்சி அதை ஆன் செய்யும்போதே கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்து, நீலத்திரை வந்ததும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் சம்மதமா என்று அது இரண்டு தடவை கேட்டதற்கு இரண்டு தடவையும் சம்மதம் கொடுத்து, நூறு சதவீதம் முடியும்வரை காத்திருந்தார். நூறு வந்ததும், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வேலாயுதம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து, "எதுத்தாப்புல நின்ன வேப்பமரத்த எப்பம்ல வெட்டுனாங்க?" என்று கேட்டார். மரத்தை வெட்டி ஆறு வருடமாகியிருந்தது. பிறகு எழுந்து நேராகத் தன் தம்பி வீட்டுக்குப் போய், கிணற்று முறைச் சண்டையில் ஐந்து வருடமாக வாசல்படி மிதிக்காத அந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். தம்பி பெண்டாட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இலை போட்டாள்.

ஒரு மெஷின் எப்படி இதைச் செய்யும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு நாள் விடாமல் பேசியதெல்லாம் தம்பி சண்டையைத் தொடரலாமா கூடாதா என்பதைப் பற்றித்தான். கடைசியில், சண்டை இரண்டு பேருக்கும் பொது, ஒருத்தருக்கு ஞாபகம் இல்லையென்றால் மற்றவர் தனியாகப் போட முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பிறகு தானும் விட்டுவிட்டார்.

உடம்பு திரும்பாது, நரைத்த முடி நரைத்ததுதான். மனசு மட்டும் அந்தப் பெட்டி முதன்முதலில் உயிர் பெற்ற நிமிஷத்துக்குப் போய் நின்றுகொள்ளும். யாருடைய மனசு என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நூலகத்துக் கம்ப்யூட்டரைத் திருப்பியபோது நூலகர் அப்படியே இருக்க, பத்து வருடம் முன்னால் அதைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்திய முன்னாள் தலைவர் பூதலிங்கம் வீட்டில் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து தன் நாற்காலியைக் கேட்டார். அப்போது தலைவராக இருந்த பெண்மணி நல்ல மனுஷி, பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போடச் சொல்லி, மூன்று மாதம் அவரையும் கூட உட்கார்த்தி வைத்திருந்தார். அதன்பிறகு அண்ணாச்சி தன் கடையில், முதல் விரல் யாருடையது என்று உறுதி செய்துகொண்டு வரவும் என ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார்.

அப்புறம் வந்தார்கள், ஏமாந்தவர்களும், பிரிந்தவர்களும், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டுத் தூங்க முடியாமல் கிடந்தவர்களும், பக்கத்து ஊர்களிலிருந்து மினி பஸ் பிடித்து மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார்கள். துயரம் வந்தபிறகு கம்ப்யூட்டர் வாங்கியவர்களை நாங்கள் பாவப்பட்டவர்கள் என்று வைத்தோம், துயரத்துக்கு முன்னால் வாங்கியவர்களைக் கொடுத்து வைத்தவர்கள் என்றோம். பெண் பார்க்கப் போகிற இடத்தில், ஜாதகம் கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெட்டி எந்த வருஷத்தது, யார் கையால் போட்டது என்று கேட்கிற பழக்கம் வந்தது. திரும்பி வருகிறவர்களுக்காக அண்ணாச்சியின் மனைவி ஸ்டெல்லா கடைக்குள் ஒரு பன்னீர் சோடாவைத் தயாராக வைத்திருப்பாள்; அவர்கள் குடித்து முடித்ததும் இது என்ன வருஷம் என்று மெதுவாகக் கேட்டு, தப்பாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவாள். மூன்று நாளுக்குள் வீட்டார் ஒரு நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், விடுபட்ட நோட்டு என்று அதற்குப் பெயர், நடுவில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். விட்டுப்போன பெண்டாட்டியை மறக்க வந்த தபால்காரர் தன் தாய் இறந்ததையும் சேர்த்து மறந்துவிட்டதால், நோட்டைப் படித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து கதறினார், நாங்கள் இரண்டாம் தடவையும் துஷ்டி கேட்கப் போனோம். முதல் தடவை அழாதவர்கள்கூட அன்றைக்கு அழுதார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் பெட்டியைத் திருப்பப் போகிறார் என்றால், அவர் எதை மறக்க நினைக்கிறாரோ அது கண்ணில் படாதபடி வீட்டை ஒதுக்கி வைப்பார்கள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் போன்களில் அது சம்பந்தமான படம் இருந்தால் மரியாதைக்கு அழித்துவிடுவார்கள். உதவி என்று வந்துவிட்டால் எங்கள் ஊர் அரைகுறையாகச் செய்யாது.

தளவாய்க்குத் தொழில் டிசைன் போடுவது. வீட்டு முன்னறையில் அந்த ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாக ஊருக்கே கல்யாணப் பத்திரிகையும், சடங்கு பிளெக்ஸும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போட்டவன் அவன்தான். இரண்டு வருடம் முன்னால் அவனுடைய ஒரே மகள் சுபிக்ஷா எட்டு வயதில் காய்ச்சல் கண்டு ஐந்தே நாளில் இறந்துபோனபோது, போஸ்டருக்கு வேறு ஆள் தேட யாருக்கும் தோன்றவில்லை. அவனே உட்கார்ந்து, கை பழக்கத்தில், படத்தைச் சுற்றி ரோஜாப்பூ வைத்து, மலர்வு என்றும் உதிர்வு என்றும் இரண்டு தேதிகள் போட்டு, எழுத்து நடுவில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து பார்த்தான். அதன்பிறகு எந்தப் பத்திரிகைக்காகப் பெட்டியைத் திறந்தாலும் அந்தப் பிள்ளையின் படம் ஏதாவது ஒரு மூலையிலிருந்து வந்து நிற்கும். அவனுக்கு முடியவில்லை.

மனைவி சண்முகக்கனியிடம் ஒரு நாள் சொன்னான்.

"கனி, என்னால ஏலாது. பெட்டியத் திருப்பிட்டு வந்துருதேன்."

"வந்து? சுபின்னா யாருன்னு என்கிட்ட கேப்பீங்களோ?"

"கேக்க மாட்டேன். தெரிஞ்சாத்தான கேக்க."

"அப்பம் நான் யார்கிட்ட சொல்லி அழ?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குன்னு ஒரு பெட்டி இல்ல. இருந்தாலும் நான் போவ மாட்டேன். அஞ்சு நாளும் என் மடியிலதான கிடந்தா, உடம்பு அனலாக் கொதிச்சுதே, அந்தச் சூடு இன்னும் என் தொடையில இருக்கு. அதுவும் எனக்கு வேணும்."

ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் சோறு போடும்போது அவளே சொன்னாள்: "போயிட்டு வாங்க. ஒருத்தராவது நல்லா இருக்கட்டும். அவள நான் வச்சுக்கிடுதேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. சுவரிலிருந்த படம், பள்ளிக்கூடப் பை, கவுன், ரிப்பன் எல்லாவற்றையும் தளவாய் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தான். அவன் தங்கை, மச்சான், பக்கத்து வீட்டுப் புஷ்பம், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், நாங்கள் எல்லோரும் போனை எடுத்து, பிறந்தநாள் படம், கோயில் கொடைப் படம், வேப்பங்குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அது பாடிய வீடியோ என்று ஒவ்வொன்றாகத் தேடி அழித்தோம். சிலர் அழித்துவிட்டு, போனின் குப்பைக்கூடைக்குள் கிடக்கிறதா என்று அங்கேயும் போய்ப் பார்த்து அழித்தார்கள்.

அவன் பெட்டி கொண்டுபோனது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார்.

"தம்பி, முதல் விரல் யாரோடது?"

"என்னோடதுதான் அண்ணாச்சி. கல்யாணமாகி ரெண்டாம் மாசம், ஒரு வெள்ளிக்கிழம. பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, பத்தரை ராகு காலத்துக்கு முன்னாடியே அம்மா, மாமா எல்லாரும் சுத்தி நிக்க நான்தான் அமுத்துனேன். நீங்களும்தான வந்திருந்தீங்க."

வந்திருந்தார். நாங்களும் பத்துப் பேர் வந்திருந்தோம், கேசரி சாப்பிட்டோம். அதனால் அண்ணாச்சி மேற்கொண்டு கேட்காமல் கட்டையைத் தட்டத் தொடங்கினார். பெட்டி இரண்டு தடவை சம்மதம் கேட்டது, அவன் இரண்டு தடவையும் தலையை ஆட்டினான். நாற்பது நிமிடம் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எழுபது சதவீதம் வந்தபோது மட்டும் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தான். நூறு வந்து, திரை ஒருமுறை இருண்டு, புத்தம்புதிதாகப் பச்சை மலையும் ஏரியுமாக ஒரு படம் வந்து நின்றது. ஸ்டெல்லா பன்னீர் சோடாவைக் கொடுத்து, அவன் குடித்ததும் வருஷம் கேட்டாள். அவன் சரியாகச் சொன்னான். தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொன்னான்.

ஸ்டெல்லா திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, நீ வீட்டுக்குப் போ. உடனே போ," என்றார்.

வீட்டில் கனி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், பாதியில் காம்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, எழுந்து கொண்டையைப் பிரித்துப் பின்னல் போட ஆரம்பித்தாள் என்று புஷ்பம் பிறகு சொன்னாள். தளவாய் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, கோவப்படாதீங்க. நீங்க குளிக்கப் போனதும் நான் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டேன். நாலு பேரு வந்து நிக்கும்போது எரியாமக் கிரியாமப் போச்சுன்னா, மருமவ வந்த நேரம்னு அத்த சொல்லுவாவளேன்னுதான். நல்லா எரிஞ்சுது. உடனே அமத்திட்டேன், யாரும் பாக்கல." அப்புறம் மேசைப் பக்கம் பார்த்தாள். "பொட்டி எங்க? இங்கதான இருந்துது?" பின்னலைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். "என் கை ஏன் இப்படி இருக்கு?"

இதில் நாங்கள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். எங்கள் ஊரில் எந்தப் புதுச் சாமானும் நாலு பேர் முன்னால் முதல்முறையாக ஓடியதே கிடையாது. கிரைண்டரானாலும் டிவியானாலும், சூடம் காட்டுவதற்கு முன்னாலேயே வீட்டுப் பெண்கள் ரகசியமாக ஒரு தடவை போட்டுப் பார்த்து அமர்த்திவிடுவார்கள், அபசகுனம் என்று ஒரு சொல் தங்கள் தலையில் விழக்கூடாதே என்று. எல்லா வீட்டிலும் இது நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும், ஒருவராவது அண்ணாச்சியின் அட்டையைப் பார்த்துவிட்டு இதை யோசித்திருக்கலாம். கனியும் அதைத் தன் விரலாக எண்ணவேயில்லை போலிருக்கிறது. எண்ணியிருந்தால் அவனைப் போகச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

மூன்றாம் நாள் தளவாய் நோட்டு எழுதிக் கொடுத்தான். அவன் அம்மா இறந்தது, கனியின் அண்ணன் வெளிநாடு போனது, ஊரடங்கு, புது பஸ் ஸ்டாண்டு, எல்லாம் எழுதினான். சுபியை மட்டும் விட்டுவிட்டான். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் போனதற்கு ஒரு வாரம் அழுதுவிட்டுப் பிறகு கனி தேறிக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் முன்னால் பார்த்த அதே புதுப்பெண்ணாகக் காலையில் கோலம் போட்டாள், குழாயடியில் பாட்டை முணுமுணுத்தாள், கண்ணாடியில் நரையைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி ரெண்டே மாசத்துல உங்க வீட்டுத் தண்ணி என்னக் கிழவியாக்கிட்டு என்று அவனைக் கேலி செய்தாள். அவன் தனக்கென்று கேட்ட மறதி அவன் வீட்டுக்குள் அவள் உருவத்தில் நடமாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டு அழக்கூட வீட்டில் ஓர் இடம் இல்லாமல், டிசைன் வேலை என்று சொல்லிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவான்.

ஒரு மாதம் கழித்துக் குளித்துவிட்டு வந்தவள் ஈரத்தலையோடு அவன் முன்னால் நின்று கேட்டாள். "எனக்கு ஆப்பரேஷன் எதுவும் நடந்துச்சா? அடிவயித்துல ஒரு கோடு கிடக்கே. நோட்டுல அப்படி ஒண்ணும் எழுதலயே."

அவனுக்கு அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. ஆனால் வெறும் வாயால் எப்படிச் சொல்வது, முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டாமா என்று நினைத்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு படம் தேடிப் புறப்பட்டான். பெட்டியில் மலையும் ஏரியும்தான் இருந்தன. தங்கைக்குப் போன் போட்டான், டீச்சர் வீட்டுக்குப் போனான், எங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்றான். நாங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தோம். பிறகு யாருக்கோ போஸ்டர் ஞாபகம் வந்தது. மத்தியான வெயிலில் பத்துப் பதினைந்து பேர் கரண்டியும் தண்ணீர் வாளியுமாக மார்க்கெட் சுவருக்குப் போய், இரண்டு வருடத்துப் போஸ்டர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஊறவைத்து உரித்தோம். எல்லாம் அவன் கையால் போட்டவை, செத்தவர்களும் கல்யாணமானவர்களுமாக மாறி மாறி வந்தார்கள். சாயங்காலத்துக்கு முன்னால் அது கிடைத்தது, ரோஜாப்பூவும் சீருடைக் காலரும் இரண்டு தேதிகளும் இருந்தன. முகம் இருந்த இடம் மேல் போஸ்டரின் பசையோடு சேர்ந்து வந்துவிட்டது.

அப்போதுதான் புஷ்பம் சொன்னாள், ஒரு படத்தை மட்டும் கனி யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பதாகத் தன்னிடம் சொன்னாள் என்று. எங்கே என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து தளவாய் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான், அரிசி டிரம்மைக் கொட்டினான், புடவை மடிப்புகளைப் பிரித்தான், சாமி படங்களின் பின்னட்டையைக் கழற்றினான். கனி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன்கூடவே ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் தேடினாள்.

"என்ன தேடுதோம்னு சொன்னாத்தான எனக்குத் தெரியும்?"

"ஒரு போட்டோ."

"யாரு வச்சது?"

"நீதான்."

"நான் எங்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி தேடினாள்.

அது கிடைக்கவில்லை. பதினொரு மணிவாக்கில் அவன் தேடுவதை நிறுத்தி, கொட்டிக்கிடந்த அரிசிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னான்.

"கனி, நோட்டுல ஒண்ணு எழுதாம விட்டுட்டேன்."

"யாரு செத்தா?" என்றாள் அவள். எங்கள் ஊரில் நோட்டில் எழுத மனசு வராமல் ஒன்றை விட்டால், அது தாங்கமுடியாத ஒரு சாவாகத்தான் இருக்கும்.

அவன் சொன்னான். புரட்டாசி மழையில் சுபி பிறந்ததையும், கனியின் வயிற்றுக் கோடு அப்போது வந்ததையும், பத்தாம் மாதமே நடந்ததையும், இடது கையால் எழுதியதையும், முட்டையில் வெள்ளையை மட்டும் அவன் தட்டில் தள்ளிவிடுவதையும், அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பத்திரிகைக்கும் ரோஸ் கலர்தான் வேண்டும் என்று அடம் பிடித்ததால் ஒரு வருடம் ஊர்க் கல்யாணமெல்லாம் ரோஸ் பத்திரிகையிலேயே நடந்ததையும், ஐந்து நாள் காய்ச்சலையும், கனியின் மடியையும் சொன்னான். வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கனி அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், முகத்தைச் சுளித்துக் கவனமாகக் கேட்டாள், எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி.

"எப்படி இருப்பா? உங்களக் கொண்டா, என்னக் கொண்டா?"

"உன் நெத்தி. என் காது. சிரிச்சா..." என்று தொடங்கி, விரலால் தரையில் அரிசியைத் தள்ளித் தள்ளி ஒரு முகத்தை வரைந்து காட்டப் பார்த்தான். பன்னிரண்டு வருடம் ஊரில் எல்லா முகத்தையும் அழகாக எடுத்து வைத்தவனுக்கு அது வரவில்லை. கையெல்லாம் அரிசியாக, குனிந்து உட்கார்ந்து அழுதான்.

கனியும் அழத்தான் பார்த்தாள், கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள், கண் காய்ந்தே இருந்தது. பிறகு நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து, துஷ்டி வீட்டில் நாங்களெல்லாம் பிடிப்பதுபோல அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்ங்க அந்தப் பிள்ள," என்றாள். "அதப் பெத்தவ எப்படித்தான் தாங்குனாளோ."